ஆர்

காலை ஏழரைக்கே வேலூரில் வெயில் ஏறிவிடும்.
அதற்கு முன்பே தபித்தாள் இன்குபேட்டரைத் திறந்து
தட்டுகளை மேசையில் பரப்பியிருப்பாள்.
நேற்று விதைத்ததை இன்று அளக்கிற விவசாயம் எங்களுடையது.

மங்கலாய்ப் படர்ந்த கிருமிப் பயிர்.
நடுவே மருந்து தோய்ந்த வெள்ளைப் பொட்டுகள்.
கிருமி மருந்துக்குக் கட்டுப்பட்டால்
பொட்டைச் சுற்றிக் காலியாய் ஒரு வட்டம் விழும்.
அதன் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்வதுதான்
இருபத்திரண்டு வருடமாய் என் உத்தியோகம்.

குடியாத்தம் பூங்காவனம், வயது நாற்பத்தொன்று,
பீடி சுற்றுகிறவர். சிறுநீர் மாதிரி.
தட்டில் வட்டமே இல்லை.
தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரைக் கேலி பேசுகிறவர்கள்
இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

மருந்துப் பெயர்களுக்கு நேரே
கிருமி மசியவில்லை என்பதற்கான ஆங்கில எழுத்தைக்
கணினி நிரப்பிக்கொண்டே போனது.
ஆர்.
ஆர்.
ஆர்.
தபித்தாள் வாசிக்க வாசிக்க
தாழ் போட்ட கதவுக்குப் பின்னாலிருந்து
யாரோ கேட்பதுபோல் இருந்தது.
ஆர்? ஆர்? ஆர்?

ஆரென்று சொல்ல?
காட்பாடி மருந்துக்கடையில் கத்தரியால் நறுக்கித் தந்த
இரண்டு மாத்திரையா
(அன்றைய கூலிக்கு அவ்வளவுதான் கட்டுப்படியானது),
வாலாஜா தாண்டி ஏதோ கோழிப்பண்ணையில்
தீவனத்தோடு கொட்டிய தூளா,
வெள்ள வருடத்தில் மட்டும் ஆறாக இருக்கும் பாலாற்றில்
மற்ற நாளெல்லாம் ஓடுகிறதே, அதுவா.
நானா.
போன மார்கழியில் இருமலுக்கு மூன்று நாள் விழுங்கிவிட்டு
நான்காம் நாள் மறந்துபோனேனே.

ஜெனீவாவுக்கு நான் விமானம் ஏறியபோது
பூங்காவனத்துக்கு வார்டில் பதினாறாம் நாள்.

அங்கே ஏரி இருந்தது. அதில் தண்ணீரும் இருந்தது.
வரைவின் முப்பத்திரண்டாம் பத்தி சொன்னது:
'மருந்தாலைக் கழிவுநீரை நாடுகள்
இயன்றவரை கண்காணிக்கலாம்.'
இயன்றவரை. லாம்.
என் தட்டில் எதுவும் இவ்வளவு கெட்டியாய் ஒட்டியதில்லை.

எனக்கு இரண்டு நிமிடம்; மேசையில் சிவப்பு விளக்கு.
உரையை மடித்து வைத்துவிட்டு எண்களைச் சொன்னேன்.
ஒரே மருந்து, ஒரே கிருமி:
வட்டம் இருபது, பிறகு பதினான்கு, இப்போது ஆறு.
ஆறு என்பது பொட்டின் சொந்த அகலம் ஐயா.
அதாவது ஒன்றுமில்லை.

'இது ஒரு ஊர்க் கணக்குத்தானே?' என்றார் ஒருவர், மரியாதையாக.
'ஒரு ஊர்தான்.
அடுத்த ஊரில் அளக்க ஆளில்லை.'
பின்வரிசையில் மலாவிப் பெண்மணி மைக்கை அழுத்தினார்.
'எங்களிடம் தட்டே இல்லை.'
அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
மொழிபெயர்ப்பாளர்கள்கூடப் பேசவில்லை.

இரவு பதினொன்றரைக்கு 'லாம்' போய்
'வேண்டும்' வந்தது.
'இயன்றவரை' போகவில்லை.
மீந்த குழம்பைப்போல் அதைச் சதுர அடைப்புக்குள் மூடி
அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைத்தார்கள்.
லிஃப்டில் அந்தப் பெண்மணி தட்டு விலை கேட்டார்.
ரூபாயில் சொல்லி, டாலருக்கு மாற்றி,
தப்பாய் மாற்றி, திரும்பவும் மாற்றினேன்.

பூங்காவனம் பிழைத்துவிட்டார்,
சிறுநீரகத்தைக் கடிக்கிற ஒரு பழைய மருந்தில்.
அது எத்தனை நாளைக்கு என்று
அவரிடம் நான் சொல்லவில்லை.

மறுபரிசோதனைக்கு வந்தவர்
'இன்னா நோவுன்னு ஆருமே சொல்லலியேம்மா' என்றார்.
தட்டைக் காட்டிச் சொன்னேன், என்னால் முடிந்த மட்டும்.
பத்தியையும் சொன்னேன். 'லாம்' என்றதும் சிரித்தார்:
'பீடிக் கம்பெனிக்காரனும் அப்படித்தான்,
கூலி ஏத்தலாம் ஏத்தலாம்ன்னுவான்.'

அடுத்த மாதம் பையிலிருந்து ஒரு சோடா பாட்டில் எடுத்தார்.
தெருக்குழாய்த் தண்ணீர்.
'இதையும் பாருங்க.'

எங்கள் படிவத்தில் அதற்கு இடமில்லை.
தபித்தாள் படிவத்தைத் திருப்பிப்போட்டு
ஸ்கேலால் நான்கு கோடு இழுத்து
அனுப்பியவர் என்ற கட்டத்தில்
பெயர் எழுத ஆரம்பித்தாள்.